குனியாத ஜீப்

கம்பத்தில் இருந்து உத்தமபாளையம் போகிற சாலையில் இருக்கும் அய்யாத்துரையின் ஒர்க்‌ஷாப்புக்குப் பெயர்ப் பலகை கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. ஆடிக் காற்றில் கழன்று விழுந்ததைத் திரும்ப மாட்ட அவனுக்கு நேரம் வரவில்லை. அதனால் ஒரு வண்டியும் குறைந்துவிடவில்லை. மலைக்குப் போகிற ஜீப்புக்காரர்கள் எவரைக் கேட்டாலும் அந்தத் தகரக் கொட்டகையைத்தான் காட்டுவார்கள். மேகமலை ஏறுகிற ஜீப்புகள்கூட சின்னமனூரில் நாலு கடையைத் தாண்டிக்கொண்டு இங்கே வந்து நின்றன. ராயப்பன்பட்டியில் திராட்சை ஏற்றுகிற சின்ன லாரிகளும் வந்தன.

இத்தனைக்கும் அவன் வாய் நல்ல வாய் இல்லை. வண்டி கொண்டுவந்தவனை முதலில் திட்டுவான், அப்புறம்தான் பானட்டைத் திறப்பான். "ஆயில் மாத்தி எம்புட்டு நாளாச்சு? இது வண்டியா, உங்க மாமனார் வீட்டுக் கழுதையா?" என்பான். வந்தவன் சிரித்துக்கொண்டே நிற்பான். ஏனென்றால் அய்யாத்துரை ஏமாற்ற மாட்டான் என்பது ஊருக்கே தெரியும். கழற்றிய பழைய சாமானைப் பேப்பரில் சுற்றி உடையவன் கையில் கொடுத்து, "இதுதான் போச்சு, நீயே பாத்துக்க" என்பான். இன்னும் ஆறு மாதம் ஓடும் என்றால் ஓடும் என்று சொல்லுவான். மாற்ற வேண்டியதில்லை என்று திருப்பி அனுப்பிய வண்டிகளே அவனுக்கு நூறு வண்டிகளைக் கூட்டிவந்தன.

பதினாலு வருஷம் தேனி அல்லிநகரத்தில் அடுத்தவன் பட்டறையில் கிடந்துவிட்டு, முப்பத்திரண்டு வயதில் சொந்த ஊருக்கு வந்து கடை போட்டவன் அவன். இப்போது நாற்பத்தெட்டு. கடை போட்ட புதிதில் ஒரு மாதம் ஈ ஓட்டினான். முதல் ஜீப்பைக் கொண்டுவந்து விட்டவள் கருத்தம்மாள். அவளுக்கு ஏது ஜீப்? மலைக்கு மேலே ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிறவள். அய்யாத்துரையின் தெருதான், முறைக்கு மதினி. அவள் தினமும் போகிற ஜீப் அடிக்கடி வழியில் நின்றது. மேலே போய்ச் சேர நேரமானால் கங்காணி அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பிவிடுவான். ஒரு நாள் அவள் டிரைவரிடம், "எங்க அய்யாத்துரகிட்ட விடுறியா, இல்ல நாங்க பன்னெண்டு பேரும் வேற வண்டி பாக்கட்டுமா?" என்று கேட்டாள். டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டான். பெண்கள் சொன்னால் ஜீப்புக்காரன் கேட்டுத்தான் ஆக வேண்டும். அப்படித்தான் அய்யாத்துரையின் கடை நிமிர்ந்தது.

கடை நிமிர்ந்ததற்கு இன்னொரு காரணம் ஸ்பிரிங் பட்டை.

கருத்தம்மாள் போகிற ஜீப் பத்துப் பேருக்காகச் செய்த வண்டி. அதில் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். பதினாறு பேர் ஏறினால் பின்பக்கம் குனிந்துவிடும், டயர் மட்கார்டில் உரசும், மேட்டில் முன்சக்கரம் மிதக்கும். அதனால் தினமும் நாலு பேர் தூக்குச்சட்டியோடு ஸ்டாண்டிலேயே நின்றுபோவார்கள். நின்றுபோவது எப்போதும் வயதான பெண்கள்தான், முண்டியடித்து ஏற முடியாதவர்கள். "ஏதாச்சும் செய்யேன்ப்பா, நீ பாக்காத வேலையா?" என்று கருத்தம்மாள்தான் கேட்டாள். அய்யாத்துரை பழைய லாரி ஸ்பிரிங்கில் இருந்து இரண்டு பட்டையை அறுத்து, சூடுகாட்டி வளைத்து, ஜீப்பின் பின்பக்க ஸ்பிரிங்கோடு சேர்த்துக் கட்டினான். மறுநாள் பதினாறு பேர் ஏறியும் வண்டி குனியவில்லை. யாரும் ஏறாத வண்டிபோல நேராக நின்றது. பெண்கள் அவனுக்கு மேலிருந்து ஒரு பொட்டலம் ஏலக்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் முப்பது ஜீப்புக்கு அவன் பட்டை கட்டினான். சொந்த இடம், ஆள் உயரத்துக்குக் கம்ப்ரசர், மகளுக்கு மதுரையில் படிப்பு, எல்லாம் வந்தது அதற்கு அப்புறம்தான்.

வண்டி குனிவது சும்மா குனிவதில்லை. போதும், இதற்கு மேல் என்னால் ஆகாது என்று அது சொல்லுகிற விதம் அது. அய்யாத்துரை அதன் வாயைக் கட்டிவிட்டான். பாரம் ஏறியது டிரைவருக்கும் தெரியவில்லை, பார்க்கிறவர்களுக்கும் தெரியவில்லை. ஸ்பிரிங்குக்குத்தான் பலம் கூடியது. பிரேக் என்னவோ பத்துப் பேருக்குச் செய்த அதே பிரேக்தான். இது அவனுக்குத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவனே ஒத்துக்கொள்ள மாட்டான். தெரியாதவனா அவன்? பட்டை கட்டிய முதல் நாளே தெரியும். மேட்டில் ஏறுவதைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்காததை அவனும் சொல்லவில்லை.

கேட்டவன் ஒருவன் உண்டு. அவன்தான் சின்னச்சாமி.

கருத்தம்மாள் அப்போது போய்க்கொண்டிருந்தது சின்னச்சாமியின் ஜீப்பில், அதுவும் பட்டை கட்டிய வண்டிதான். அமைதியான ஆள், குடிக்க மாட்டான், ஒரு ஹாரன் அடிக்கவே யோசிப்பான். ஐப்பசிக் கடைசியில் ஒரு நாள் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, எறங்கும்போது பிரேக்கு பத்தலையோன்னு இருக்குண்ணே. பாதி மலை எறங்குனதும் மிதிச்சா மெத்து மெத்துனு போகுது. கீழ வந்து கொஞ்ச நேரம் நின்னா சரியாப்போகுது."

அய்யாத்துரை சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தான். பிரேக் கட்டையின் லைனிங் நன்றாக இருந்தது. ஆயில் ஒழுகவில்லை. பாரத்தில் சூடேறிய பிரேக் பிடிக்காமல் போகிறது, ஆறினால் பிடிக்கிறது. அவ்வளவுதான் சங்கதி. நாலு பேரைக் குறை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சின்னச்சாமியிடம் சொன்னால் நாளைக்கு முப்பது ஜீப்புக்காரர்களும் வந்து நிற்பார்கள். அப்படியென்றால் ஏன் கட்டினாய் என்று கேட்பார்கள். அய்யாத்துரை சொன்னால் சரியாக இருக்கும் என்கிற பேர் அன்றோடு போய்விடும்.

"லைனிங் நல்லாத்தான்டா இருக்கு. ஒண்ணும் ஆகாது, போ" என்றான்.

அய்யாத்துரை சொல்லிவிட்டான் என்று சின்னச்சாமி நிம்மதியாகப் போனான்.

ஒன்பதாவது நாள் சாயந்திரம், கம்பம்மெட்டு மலைப்பாதையில், அடிவாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு வளைவில் சின்னச்சாமியின் ஜீப் நிற்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் அவன் பாறைப் பக்கம் ஒடித்திருக்கிறான். பாறையில் இடித்துப் பக்கவாட்டில் சாய்ந்தது வண்டி. பதினாறு பெண்களும் உயிரோடு வந்தார்கள். சின்னச்சாமி வரவில்லை. கருத்தம்மாளுக்கு இடுப்பெலும்பு உடைந்தது. இனிமேல் மலை ஏறுவதை மறந்துவிடச் சொன்னார் டாக்டர்.

செத்தவன் திரும்பி வந்து பேசவா போகிறான்? ஊர் அவனுக்காகப் பேசியது. போன் பேசிக்கொண்டே வந்தான் என்றார்கள். இல்லை, தூங்கிவிட்டான் என்றார்கள். குடிக்காதவனைக் குடித்திருந்தான் என்றும் சொன்னார்கள். மூன்றாம் நாள் வண்டியைச் சோதிக்க அதிகாரி ஒருவர் வந்தார். தூக்கி நிறுத்த ஜாக்கியோடு அய்யாத்துரையைக் கூப்பிட்டார்கள். அவர் பெடலை மிதித்துப் பார்த்தார். ஆறிப்போன பிரேக் கச்சிதமாகப் பிடித்தது.

"நீங்கதான் இந்த வண்டிக்கு வேலை பாக்குறதா? பிரேக் எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் சார் இருந்துச்சு."

பொய்யில்லை. அதுதான் அவனைத் தின்றது. அவர் எழுதுவதற்குத் திரும்பிக்கொண்டபோது அவன் கழன்று தொங்கிய சக்கரத்தின் வழியாகப் பிரேக் டிரம்மைப் பார்த்தான். நெருப்பில் வாட்டிய இரும்புபோல நீலம் பாரித்துக் கிடந்தது. சின்னச்சாமி எவ்வளவு நேரம் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான் என்று அந்த நீலம் சொன்னது. அதைப் படிக்கத் தெரிந்தவன் அங்கே அவன் ஒருவன்தான். கையில் இருந்த கிரீஸ் துணியை டிரம்மின் மேல் போட்டுவிட்டு எழுந்துகொண்டான். வண்டியில் பழுதில்லை, ஓட்டியவர் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார் அதிகாரி.

அதற்கப்புறம் நடந்ததுதான் கொடுமை. வியாபாரம் கூடியது. "ஜீப்பு உருண்டும் அய்யாத்துர கட்டுன பட்ட ஒடையலையாம்ல!" என்று ஒருவன் ஆரம்பித்து வைக்க, பேச்சு கூடலூர் வரைக்கும் போனது. ஒரே மாதத்தில் ஆறு ஜீப்புகள் பட்டை கட்ட வந்தன. பாண்டியராஜன் என்று ஒரு பையன் புதிதாக வாங்கிய பழைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தான். அய்யாத்துரை ஆறுக்கும் கட்டினான். ஏன் கட்டினான்? மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏனுக்குப் பயந்து இன்னும் ஆறு வண்டியின் வாயைக் கட்டினான். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா என்று கேட்டால், இருக்கிறான், நம்மில் நிறையப் பேர் இப்படித்தான் இருக்கிறோம்.

சாப்பாடு இறங்கவில்லை. திட்டுவதும் நின்றுபோனது. வாடிக்கைக்காரர்கள் அவனுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று விசாரித்தார்கள். மனைவி மாரீஸ்வரியிடம் மட்டும் ஒரு நாள் எல்லாவற்றையும் கொட்டினான்.

அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து, "வெளிய சொல்லாதீக. நீங்களா ஓட்டுனீக? அவுகளா கேட்டாக, நீங்க செஞ்சு குடுத்தீக. போனவரு போயிட்டாரு" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தப் பொம்பள கொழாயடிக்கு வந்தா யாரும் பேச மாட்டேங்கறாக. எனக்குத்தான் பாக்க முடியல."

அந்தப் பொம்பளை என்றது சின்னச்சாமியின் மனைவியை.

இரண்டு மாதம் அப்படியே போனது. கருத்தம்மாளைப் பார்க்கப் போகவே இல்லை அவன். மாரீஸ்வரியிடம் சோறும் பழமும் கொடுத்தனுப்பிவிட்டுக் கடையில் குனிந்துகொண்டான். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாரீஸ்வரி வந்து, "உங்க மதினி மக கயலு நாளையில இருந்து மலைக்குப் போகுதாம்" என்றாள். கயல் தேனியில் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள். அய்யாத்துரை ஸ்பேனரைக் கீழே வைத்தான். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் நேராக அந்த வீட்டுக்குப் போனான்.

கருத்தம்மாள் நைலான் கட்டிலில் படுத்திருந்தாள். அவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"இப்பத்தான் வழி தெரிஞ்சதாக்கும்? வா, உக்காரு. ஆத்தா கயலு, சித்தப்பாவுக்குத் தண்ணி கொண்டா."

"கயல மலைக்கு அனுப்பாதீக மதினி."

"அனுப்பாம? நான் கட்டில்ல கெடந்தா அடுப்பு எரியுமா? காலேசுக்கு அடுத்த வருசம் போகட்டும்." அவள் அவன் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ ஒண்ணும் பயப்படாத. நான் விசாரிக்காமலா விடுவேன்? பாண்டியராசன் வண்டியிலதான் ஏறணும்னு சொல்லிட்டேன். நீ பட்ட கட்டுன வண்டியாமே. உன் கை பட்ட வண்டின்னா எனக்கு நிம்மதி. அந்தப் பாவி சின்னச்சாமி மட்டும் ஒழுங்கா ஓட்டியிருந்தா நம்ம வண்டிக்கு என்ன கேடு?"

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான். உட்கார்ந்து சொன்னான். குனியாமல் நிற்கிற வண்டியில் பிரேக் என்ன ஆகிறது என்று சொன்னான். சின்னச்சாமி வந்து கேட்டதையும், தான் ஒண்ணும் ஆகாது என்று அனுப்பியதையும் சொன்னான். நீலம் பாரித்த டிரம்மையும் அதன் மேல் போட்ட துணியையும் சொன்னான். தண்ணீர்ச் செம்போடு வந்த கயல் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

கருத்தம்மாள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டும்போதே தெரியுமா உனக்கு?"

"தெரியும் மதினி."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அடித்திருந்தால்கூடத் தேவலை. அவளோ அழ ஆரம்பித்தாள். இடுப்பை அசைக்க முடியாமல், அழுகை நெஞ்சுக்கு மேலேயே குலுங்கியது.

"அவன் பொஞ்சாதி ஆசுபத்திரிக்கு வந்தாடா. பிளாஸ்குல காப்பி கொண்டாந்தா. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். காப்பியக் கீழ ஊத்தச் சொன்னேன். ஊத்திட்டுப் போனாடா அவ."

அய்யாத்துரை கால்மாட்டில் கையை வைத்தான்.

"எடு கைய. எங்கிட்ட வந்து சொல்லி என்ன ஆகப் போகுது? கட்டில்ல கெடக்குறவகிட்டச் சொன்னா நாலு சொவத்துக்குள்ள நின்னுரும்னு வந்தயா? சொல்ல வேண்டிய எடத்துல போயிச் சொல்லு. போ."

அங்கிருந்து நேரே சின்னச்சாமி வீட்டுக்குப் போனான். அந்தப் பெண் கதவைப் பாதி திறந்துகொண்டு முழுவதையும் கேட்டாள். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே அவள் யாரிடமோ, "உங்க அப்பா தூங்கலையாம்" என்று சொல்வது தெருவுக்குக் கேட்டது.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் அய்யாத்துரை ஜீப் ஸ்டாண்டில் இருந்தான். வரிசையாக ஜீப்புகள், தூக்குச்சட்டிகளோடு பெண்கள், டீக்கடையில் கூட்டம். பாண்டியராஜனின் ஜீப்பில் பதினாறு பேர் ஏறியாகிவிட்டது. பின்பக்கம் ஓரத்தில், அம்மாவின் பழைய சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு கயல் உட்கார்ந்திருந்தாள். நேற்று எல்லாவற்றையும் கேட்டவள்தான், ஆனால் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. வண்டி நேராக நின்றது. பாண்டியராஜன் சாவியைத் திருகினான். அய்யாத்துரை போய் வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டான்.

"என்னண்ணே?"

"எஞ்சின நிப்பாட்டு."

பிறகு டீக்கடை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான். "சின்னச்சாமி மேல எந்தத் தப்பும் இல்ல. அவன் தூங்கல, போன் பேசல. பிரேக்கு பிடிக்காமத்தான் போச்சு. எங்கிட்ட வந்து கேட்டான், நான் மறைச்சிட்டேன். நான் கட்டுன பட்டதான் காரணம். அது கட்டுன எல்லா வண்டியிலயும் இதே கததான். இந்த வண்டியிலயும்தான். பட்டையக் கழத்திரலாம், காசு வேண்டாம். எல்லாரும் கொண்டாங்க. இன்னைக்கு நாலு பேரு எறங்கிக்கங்க."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான். யாரோ ஒரு டிரைவர் கெட்ட வார்த்தையில் திட்டினான். "நல்ல மனுசன்னு நெனச்சமேய்யா" என்றது ஒரு குரல். அய்யாத்துரை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான். வரட்டும் என்றுதானே வந்திருக்கிறான்? இன்னும் நாலு பேர் திட்டினால் நன்றாக இருக்கும்போல இருந்தது.

ஜீப்புக்குள் இருந்து முருகம்மாள் எட்டிப் பார்த்தாள். அறுபது வயதுக்காரி, அன்றைக்குச் சின்னச்சாமி வண்டியிலும் இருந்தவள், நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் மறையவில்லை.

"எல்லாம் சொல்லிட்டயா?"

"சொல்லிட்டேன் அக்கா."

"சரி. நாலு பேர எறங்கச் சொல்ற. யார எறங்கச் சொல்ற? நீயே கையக் காட்டு. எறங்குறோம்."

அய்யாத்துரை உள்ளே பார்த்தான். உள்ளிருந்தவர்களும் அவனைப் பார்த்தார்கள். எல்லோரும் தெரிந்த முகங்கள். ஒருத்தியின் புருஷன் படுக்கையில் கிடந்தான். ஒருத்தி மூன்று நாளாக வேலை கிடைக்காமல் நேற்று அவன் மனைவியிடம் அரிசி வாங்கிப் போனவள். முருகம்மாளை இறக்கினால் அவளை இனி எந்த ஜீப்பும் ஏற்றாது. கயலைக் காட்டலாம். காட்டத்தான் வந்தான். கயல் அவனைப் பார்க்காமல் மடியில் இருந்த தூக்குச்சட்டியின் மூடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

வலது கை பாதி வரைக்கும் எழுந்தது. அப்புறம் எழவில்லை.

"காட்ட முடியலைல்ல?" என்றாள் முருகம்மாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அப்பொறம் என்னத்துக்கு நிக்கிற? நகருப்பா. நேரமானா கங்காணி திருப்பி விட்ருவான்."

பாண்டியராஜன் ஹாரன் அடித்தான். அய்யாத்துரை நகர்ந்து வழிவிட்டான்.